வால்வு எந்த மேசைக்கு? காப்புரிமை விண்ணப்பங்களை வகைபிரிக்கப் பழகிய இயந்திரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் வாசகத்துக்கு உரிமைகோரல் என்று பெயர். முதல் உரிமைகோரல் இப்படிப் போகிறது: "பாய்பொருள் ஒரு திசையில் செல்ல இடம்கொடுத்து, எதிர்த்திசையில் அழுத்தம் வரும்போது தானே மூடிக்கொள்ளும் வகையில், வளையச் சட்டம் ஒன்றில் பொருத்தப்பட்ட குறைந்தது இரண்டு மடல்களைக் கொண்ட சாதனம்." படித்ததும் குழாய் வேலை நினைவுக்கு வரும். மோட்டார் செட்டில் தண்ணீர் திரும்பி இறங்காமல் இருக்கப் போடுகிறோமே, அந்த வால்வு. நாலு பக்கம் தள்ளிப் போனால்தான் 'இரத்தம்' என்ற சொல் கண்ணில் படுகிறது. விஷயம் இதய வால்வு.

வாசகம் நான் எழுதியதுதான். ஆனால் காப்புரிமை ஆவணங்களைப் படித்தவர்களுக்கு இந்த நடை நன்றாகத் தெரியும். திருகு என்று எழுதினால் திருகுக்கு மட்டும்தான் உரிமை கிடைக்கும் என்பதால் 'இணைப்புச் சாதனம்' என்று எழுதுவார்கள். இரத்தம் என்றால் இரத்தம் மட்டும். பாய்பொருள் என்றால் எல்லாமே. வலையை அகலமாக வீசுவது விண்ணப்பதாரரின் வேலை. அந்த வலைக்குள் என்ன மீன் இருக்கிறது என்று கண்டுபிடித்து, சரியான ஆய்வாளரின் மேசைக்கு அனுப்புவது அலுவலகத்தின் வேலை.

சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில், அதாவது ஐபிசியில், பொதுவான வால்வுக்கு இடம் எஃப்16கே. இதயத்தில் பொருத்துவதற்கென்றே செய்த வால்வுக்கு ஏ61எஃப் 2/24. ஒன்று இயந்திரவியல் பிரிவில், மற்றது மனிதத் தேவைகள் பிரிவில். ஐபிசி வழிகாட்டி நூலே 'பொதுவாக ஒரு பொருள்', 'ஒரு பயனுக்கெனத் தகவமைத்த பொருள்' என்ற வேறுபாட்டை விளக்க இந்த வால்வைத்தான் கையில் எடுக்கிறது. கோப்பு தவறான மேசைக்குப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். அங்கே இருப்பவர் 'இது என்னுடையது இல்லை' என்று திருப்பி அனுப்புவார், நாள் வீணாகும். அல்லது திருப்பி அனுப்பாமல், குழாய் வால்வுகளின் பழைய ஆவணங்களுக்குள் தேடுவார். பத்து வருடத்துக்கு முன்பே யாரோ செய்துவிட்ட இதய வால்வு அங்கே கிடைக்காது. 'புதியது' என்று முடிவாகிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது.

அலமாரியின் அளவு

ஐபிசிக்கு அடிப்படை 1971-ல் கையெழுத்தான ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தம். 1975-ல் நடைமுறைக்கு வந்தது. ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள், அவற்றுக்குள் வகுப்பு, உள்வகுப்பு, குழு, உட்குழு என்று இறங்கிக்கொண்டே போனால் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து 2013 ஜனவரி 1 முதல் நடத்தும் சிபிசி என்ற கூட்டு வகைப்பாடு இதையே இன்னும் நுணுக்கி, சுமார் இரண்டரை லட்சம் இடங்களாக்கியிருக்கிறது. உலகம் முழுக்க 2023-ல் தாக்கலான விண்ணப்பங்கள் சுமார் 35.5 லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ ஐந்தோ குறியீடு விழுந்தாக வேண்டும். ஒரே ஆவணத்துக்குப் பல குறியீடுகள் இருப்பது சாதாரணம்.

பெரிய அலுவலகங்கள் இதைத் துறைவாரியாக ஆட்களை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும் சிறிய நாட்டு அலுவலகம் என்ன செய்யும்? நெசவும் தெரிந்து, பாலிமரும் தெரிந்து, தொலைத்தொடர்பும் தெரிந்த ஒருவரை எங்கே தேடுவது? இயந்திர வகைபிரிப்பு வேலை ஜெனீவாவில் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ, 'கிளெய்ம்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் இதைக் கையில் எடுத்தது.

ஜெனீவா, 2003

வைப்போ முதலில் செய்த நல்ல காரியம், தன் ஆவணங்களைத் தொகுத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. வைப்போ-ஆல்ஃபா என்று பெயரிட்ட அந்தத் தொகுப்பில் ஆங்கிலத்தில் 75,250 விண்ணப்பங்கள் இருந்தன. பயிற்சிக்கு 46,324, சோதனைக்கு 28,926. அவை 114 வகுப்புகளிலும் 451 உள்வகுப்புகளிலும் பரவியிருந்தன. ஃபால், டோர்ச்வாரி, பென்சினெப், கரெட்கா ஆகிய நால்வர் இதன்மேல் செய்த சோதனைகளை 2003-ல் வெளியிட்டார்கள்.

அப்போது கைவசம் இருந்த ஆயுதங்கள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். சொற்களின் நிகழ்தகவைப் பெருக்கிப் பார்க்கும் நேய்வ் பேயிஸ். பழைய ஆவணங்களில் எவை இதற்கு மிக நெருக்கம் என்று தேடி, அவற்றின் குறியீட்டையே கடன் வாங்கும் கே-அண்டை முறை. வகைகளுக்கிடையே முடிந்தவரை அகலமான எல்லைக்கோடு போடும் எஸ்விஎம். ஸ்னோ என்ற வலையமைப்பு.

ஒரே பதிலைத்தான் தரலாம் என்று கட்டாயப்படுத்தியபோது, வகுப்பு மட்டத்தில் நேய்வ் பேயிஸும் எஸ்விஎம்மும் 55 சதவீதம் சரியாகச் சொல்லின. உள்வகுப்பு மட்டத்துக்கு இறங்கியதும் எஸ்விஎம்தான் முதலிடம், ஆனால் 41 சதவீதம். நூறு கோப்பில் ஐம்பத்தொன்பது தவறான மேசைக்கு. எந்த அலுவலக மேலாளரும் இதைக் கையில் வாங்கியிருக்க மாட்டார்.

அந்த நால்வர் இங்கே நிறுத்தவில்லை. அளவுகோலை மூன்றாக்கினார்கள். ஒன்று, இயந்திரத்தின் முதல் ஊகம் ஆவணத்தின் முதன்மைக் குறியீட்டோடு பொருந்துகிறதா. இரண்டு, முதல் மூன்று ஊகங்களில் முதன்மைக் குறியீடு எங்காவது இருக்கிறதா. மூன்று, முதல் ஊகம் ஆவணத்துக்குத் தரப்பட்ட பல குறியீடுகளில் ஏதாவது ஒன்றோடு பொருந்துகிறதா.

மூன்று ஊகம் அனுமதித்ததும் வகுப்பு மட்டத்தில் நேய்வ் பேயிஸ் 79 சதவீதத்துக்குப் போனது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது உள்வகுப்பு மட்டத்தில் நடந்தது. ஒரே ஊகத்தில் ஜெயித்த எஸ்விஎம், மூன்று ஊகத்தில் பின்தங்கிவிட்டது. கே-அண்டை 62 சதவீதத்தோடு முன்னே வந்தது. தரவு அதே, ஆவணம் அதே, கருவியும் அதே. கேள்வியை மாற்றியதும் வெற்றியாளர் மாறிவிட்டார்.

யோசித்தால் புரியும். எஸ்விஎம் கோடு போடுகிற ஆள். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் கில்லாடி. கே-அண்டை கடையில் பழகிய கணக்கப்பிள்ளை மாதிரி. 'இதே மாதிரி ஒன்று அந்தக் கட்டில் பார்த்தேன், இன்னொன்று இந்தக் கட்டில்' என்று நாலு இடத்தைக் காட்டுவார். முடிவெடுக்கப் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்றால் இந்தக் கணக்கப்பிள்ளைதான் உபயோகமானவர்.

வைப்போ பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்த ஐபிசிகேட் கருவியின் முகப்பே இந்த எண்ணத்தைச் சொல்கிறது. சுருக்கவுரையை ஒட்டினால் ஊகங்களின் பட்டியல் ஒன்று வரும். எந்த மட்டத்தில் வேண்டும், எத்தனை ஊகம் வேண்டும் என்று பயனரே தேர்ந்துகொள்ளலாம். குறியீடு போடுவது அவர் பொறுப்பு. எழுபதாயிரம் இடங்களைத் தலையில் வைத்திருக்கும் சுமை மட்டும் இறங்குகிறது.

எவ்வளவு படித்தால் போதும்?

காப்புரிமை ஆவணம் நீளமானது. தலைப்பு, சுருக்கம், விவரிப்பு, உரிமைகோரல்கள் என்று நூறு பக்கம் தாண்டுவதும் உண்டு. 2003 சோதனையில் முழு ஆவணத்தையும் ஊட்டுவதைவிட, தலைப்பு, கண்டுபிடித்தவர் பெயர், விண்ணப்பதாரர் பெயர், சுருக்கம், விவரிப்பு ஆகியவற்றிலிருந்து முதல் 300 சொற்களை மட்டும் எடுத்ததுதான் நன்றாக வேலை செய்தது. விவரிப்பின் தொடக்கத்தில்தான் 'இந்தக் கண்டுபிடிப்பு இன்ன துறையைச் சார்ந்தது' என்று நேராக ஒரு வரி வரும். நம் வால்வு விண்ணப்பமும் உரிமைகோரலில் கண்ணாமூச்சி ஆடினாலும், விவரிப்பின் தொடக்கத்தில் 'செயற்கை உறுப்புகள்' என்று ஒப்புக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர்களைச் சேர்த்தது பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு. டயர் கம்பெனி விண்ணப்பித்தால் டயர் சம்பந்தமாகத்தான் இருக்கும் என்று இயந்திரம் கற்றுக்கொள்கிறது. பெரும்பாலும் சரி. அதே கம்பெனி ஒருநாள் பேட்டரிக்கு விண்ணப்பித்தால்? முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிற கதை. மதிப்பெண் கூடுகிறது என்பதற்காக எடுத்துக்கொள்ளும் தடயம், புதிதாக ஒன்று வரும்போதுதான் காலை வாருகிறது. காப்புரிமை அலுவலகத்துக்கு வருவதெல்லாம் புதியது என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது.

2019-ல் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ, ஷியாங் இருவரும் பேட்டன்ட்பெர்ட் என்ற ஆய்வில் இதற்கு நேர் எதிர்த் துருவத்திலிருந்து வந்தார்கள். கூகுளின் பெர்ட் என்ற மொழி மாதிரியை எடுத்து, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் காப்புரிமைகளில் கூடுதல் பயிற்சி கொடுத்து, உரிமைகோரல்கள் மட்டுமே இருந்தாலும் வகைபிரிக்கப் போதும் என்று காட்டினார்கள். சட்டப்படி கண்டுபிடிப்பின் எல்லை உரிமைகோரல்தான் என்பதால் இது மனதுக்கு ஒப்பக்கூடிய முடிவு. முந்தைய ஆண்டு வந்த டீப்பேட்டன்ட், சொற்களை எண்வரிசைகளாக்கும் சொல் திசையன்களையும் கன்வல்யூஷன் என்ற வகை நரம்பு வலையையும் வைத்து, 20 லட்சம் அமெரிக்க ஆவணங்களை 637 உள்வகுப்புகளில் அடுக்கி, முதல் ஊகத்தில் 73.88 என்ற துல்லியம் காட்டியிருந்தது. 2003-ன் 41-ஐயும் 2018-ன் 73.88-ஐயும் பக்கத்தில் வைத்து 'பார்த்தீர்களா வளர்ச்சியை' என்று வியாபாரிகள் ஸ்லைடு போடுவதுண்டு. ஆவணங்கள் வேறு, எண்ணிக்கை வேறு, வகைப்பட்டியல் வேறு, அளந்த விதம் வேறு. வளர்ச்சி உண்மைதான். ஆனால் அதை இந்த இரண்டு எண்ணும் அளந்து சொல்லவில்லை.

எட்டே இழுப்பறை, பதினாலு அணி

2018-ல் ஆஸ்திரேலிய மொழித் தொழில்நுட்பச் சங்கமான ஆல்டா தன் வருடாந்தரப் போட்டிக்கு இதே விஷயத்தை வைத்தது. கேள்வி எளிது: ஐபிசியின் எட்டுப் பிரிவுகளில் இந்த விண்ணப்பம் எதில்? பயிற்சிக்குக் கிடைத்தது சில ஆயிரம் ஆவணங்கள் மட்டுமே. பதினாலு அணிகள் மோதின. முதலிடம் பிடித்த பெனிடெஸ், மல்மாசி, ஸாம்பியெரி அணிக்கு, எல்லாம் சரி என்றால் 1 தரும் மைக்ரோ எஃப்1 என்ற மதிப்பெண்ணில் கிடைத்தது 0.778.

எழுபதாயிரம் இடங்களிலிருந்து எட்டாகக் குறைத்தும் 0.778-தானா என்று கேட்கத் தோன்றும். தரவு குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, எட்டுப் பிரிவு என்பது பெயரளவில்தான் எளிது. 'செய்முறைகளும் போக்குவரத்தும்' என்ற பி பிரிவு ஏறக்குறைய எதையும் விழுங்கும். 'நெசவும் காகிதமும்' என்ற டி பிரிவு அதோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய். நம் வால்வு ஏ-வா எஃப்-ஆ என்ற சண்டை இந்த மேல் மட்டத்திலேயே வந்துவிடுகிறது, உள்ளே இறங்கவே வேண்டாம்.

ஆழ்கற்றலின் அலை தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த வருடம் அது. ஜெயித்தது பல எஸ்விஎம்களைக் கூட்டுச் சேர்த்த ஒரு குழு. சொற்களோடு எழுத்துத் துணுக்குகளையும் தடயமாக எடுத்தார்கள். இந்த எழுத்துத் துணுக்கு விஷயம் தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். வேதியியல் பெயர்கள் நம் மொழியைப் போலவே ஒட்டி ஒட்டி நீள்பவை. முழுச் சொல்லை இயந்திரம் இதற்கு முன் பார்த்திருக்காது. 'மெத்தில்', 'பென்ஸ்', 'அமைட்' என்ற துண்டுகளைப் பார்த்திருக்கும். சி பிரிவை அடையாளம் காண அது போதும்.

அலமாரி நகரும்போது

இதுவரை சொன்ன எல்லா ஆய்வுகளிலும் ஒரு மௌனமான அனுமானம் இருக்கிறது: அலமாரி நிலையாக நிற்கிறது. அது நிற்பதில்லை.

இதற்கு மஞ்சளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1995-ல் ஒரு காப்புரிமை கொடுத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடி, 1997-ல் அது ரத்தானது. நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது ஆய்வாளருக்குத் தெரியவில்லையே என்று அன்று எல்லோரும் பொங்கினோம். ஆனால் ஆய்வாளரின் இடத்திலிருந்து பாருங்கள். அப்போதைய ஐபிசியில் தாவர மருந்துகள் எல்லாவற்றுக்கும் இருந்தது ஏ61கே 35/78 என்ற ஒரே மூட்டை. வேம்பு, மிளகு, மஞ்சள், சீன மூலிகை எல்லாம் அதற்குள். நம் ஆதாரங்களோ சமஸ்கிருதத்திலும், அரபு, பாரசீகத்திலும், சித்த மருத்துவம் என்றால் தமிழிலும் கிடந்தன.

2001-ல் இந்தியா தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகம் இரண்டு வேலை செய்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களின் பாடங்களை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஆய்வாளர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றியது ஒன்று. இன்னொன்று அதிகம் பேசப்படாதது: ஐபிசியின் எலும்புக்கூட்டை ஒட்டி, பாரம்பரிய அறிவுக்கென ஒரு வகைப்பாட்டை உருவாக்கியது. 2006-ல் ஐபிசியின் எட்டாம் பதிப்பு வந்தபோது ஏ61கே 36 என்ற புதிய குழு திறந்தது. ஒரு மூட்டை இருந்த இடத்தில் சுமார் 200 உட்குழுக்கள். வேம்புக் குடும்பத்துக்கு 36/58. மிளகுக் குடும்பத்துக்கு 36/67. மஞ்சளுக்கு 36/9066, அந்தத் தலைப்பிலேயே மாங்காய் இஞ்சியும் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது இயந்திரத்தின் பக்கம் திரும்புவோம். வைப்போ-ஆல்ஃபா ஏழாம் பதிப்பின் குறியீடுகளோடு வந்த தொகுப்பு. அதில் பயின்ற இயந்திரத்துக்கு 36 என்ற தட்டே தெரியாது. உள்வகுப்பு மட்டத்தில் கேட்டால் தப்பித்துக்கொள்ளும், பழையதும் புதியதும் ஏ61கே-தானே. குழு மட்டத்தில் கேட்டால், காலியான மூட்டையைக் காட்டி 'இங்கே போடு' என்று நம்பிக்கையோடு சொல்லும். புதிய தட்டு திறக்கும் முதல் நாள் அதில் கற்றுக்கொள்ள ஓர் ஆவணமும் இருக்காது. பழைய ஆவணங்களை மனிதர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய தட்டுகளில் அடுக்கி முடித்த பிறகுதான் இயந்திரத்துக்குப் பாடம் கிடைக்கும்.

இது ஏதோ ஒருமுறை நடந்த கூத்து இல்லை. குறைகடத்தி சாதனங்களுக்குப் பல்லாண்டுகளாக வீடாக இருந்த எச்01எல்-ஐ உடைத்து, 2023 ஜனவரியில் எச்10 என்ற புதிய வகுப்புக்குக் குடிபெயர்ச்சி தொடங்கியது. நினைவகச் சாதனங்கள் எச்10பி-க்கு, கரிமச் சாதனங்கள் எச்10கே-க்கு என்று போயின. 2025 ஜனவரியில் எச்10டி, எச்10எஃப், எச்10எச் சேர்ந்தன. இந்த முறை மாறியது வகுப்பே என்பதால் வகுப்பு மட்டத்தில் கேட்டாலும் தப்பிக்க வழியில்லை. 2022 வரை பயின்ற எந்த மாதிரியும், அதன் மதிப்பெண் என்னவாக இருந்தாலும், உலகின் மிகப் பரபரப்பான துறை ஒன்றில் காலி வீட்டின் முகவரியைச் சொல்லும்.

அமெரிக்க அலுவலகம் கேட்ட சின்னக் கேள்வி

கடைசியாக, அன்றாட வேலைக்குள் இந்தக் கருவி நுழைந்த ஓர் இடம். அமெரிக்க அலுவலகம் 2020 அக்டோபர் 1 முதல் ஆய்வாளர்களுக்கு விண்ணப்பங்களைப் பங்கிடும் முறையை சிபிசி அடிப்படைக்கு மாற்றியது. ஒரு ஆய்வாளர் இதுவரை பார்த்த கோப்புகளின் குறியீடுகளுக்கும் புதுக் கோப்பின் குறியீடுகளுக்கும் பொருத்தம் பார்த்து அனுப்பும் ஏற்பாடு. இதற்கு ஒரு சிக்கல் குறுக்கே வந்தது. ஓர் ஆவணத்தில் பத்துக் குறியீடு இருக்கும். அவற்றில் சில, உரிமை கேட்கும் விஷயத்துக்கு. மற்றவை, விவரிப்பில் போகிற போக்கில் சொன்ன விஷயங்களுக்கு. பங்கீட்டுக்கு வேண்டியது முதல் வகை. அவற்றைப் பிரித்துக்காட்டும் அடையாளத்துக்கு அங்கே சி-ஸ்டார் என்று பெயர்.

2020 டிசம்பரில் இயந்திரத்திடம் ஒப்படைத்தது இந்த நட்சத்திரம் போடும் வேலையை. இரண்டரை லட்சம் இடங்களில் ஒன்றைத் தேடு என்று கேட்கவில்லை. இந்தப் பத்தில் எவை உரிமைகோரலைச் சேர்ந்தவை என்று கேட்டார்கள். கணிசமான செலவு மிச்சமானதாக அலுவலகமே அடுத்த ஆண்டு எழுதியது. வகைப்பாட்டு நிபுணர்கள் தவறைச் சுட்டிக்காட்டித் திருத்தினால், அந்தத் திருத்தம் அடுத்த பயிற்சிக்குப் போய்ச் சேரவும் வழி வைத்திருக்கிறார்கள்.

நம் வால்வை இந்த ஏற்பாட்டுக்குள் விட்டுப் பார்த்தால், எஃப்16கே, ஏ61எஃப் 2/24 இரண்டும் அதன் பட்டியலில் இருக்கும். நட்சத்திரம் எதற்கு என்பதுதான் கேள்வி. உரிமைகோரலில் 'பாய்பொருள்' என்றுதான் எழுதியிருக்கிறது. உரிமைகோரலை மட்டும் படிக்கும் இயந்திரம் எஃப்16கே-க்குப் போடும். விவரிப்பையும் படிக்கும் ஆய்வாளர் அதை அழித்து ஏ61எஃப்-க்குப் போடுவார். விண்ணப்பதாரரின் வக்கீல் வந்து, இதயத்துக்கு மட்டும் என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்டால், சட்டப்படி அவர் பேச்சிலும் நியாயம் இருக்கும்.